நேவில இருந்து நிலாவுக்கு: ஜான் யங் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வைகைக்கரை_மாமா:

வணக்கம் எல்லாருக்கும். என் அக்கா பையன் பத்தாவது படிக்கிறான், போன வாரம் ஒரு கேள்வி கேட்டான், எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியல, அதான் இங்க வந்தேன். சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச்ல கடல்ல வந்து இறங்குனப்ப வீட்ல எல்லாரும் டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தோம், அவங்க அமெரிக்க நேவில ஹெலிகாப்டர் பைலட்டா இருந்தவங்கன்னு சொன்னது அவன் மனசுல அப்படியே தங்கிருச்சு, கூட வந்த புட்ச் வில்மோரும் நேவிக்காரர்தான். இப்ப என்ன கேக்குறான்னா, "மாமா, விண்வெளின்னா ஏர்ஃபோர்ஸ்காரங்கதானே போகணும், கப்பல்காரங்களுக்கு அங்க என்ன வேலை?"

தேடிப் பாத்ததுல ஜான் யங்னு ஒரு பேரு திரும்பத் திரும்ப வருது. போர்க்கப்பல்ல பீரங்கிப் பிரிவுல இருந்தாராம், நிலாவுல நடந்தாராம், முதல் ஸ்பேஸ் ஷட்டில ஓட்டினதும் அவர்தானாம். இவ்வளவையும் ஒரே மனுஷனா பண்ணாரு? ஆர்ம்ஸ்ட்ராங் பேரு தெரிஞ்ச அளவுக்கு இவர் பேரு நம்ம யாருக்கும் ஏன் தெரியல? பையன் இவர பத்தி ஸ்கூல்ல அஞ்சு நிமிஷம் பேசப்போறான், தப்பா எதுவும் சொல்லிடக்கூடாதுன்னு பயப்படுறான். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க, நன்றி.

கடற்காகம்:

மாமா சார், உங்க மருமகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, முதல்ல அதுக்கு பதில் சொல்லிடறேன். அமெரிக்க நேவின்னா வெறும் கப்பல் மட்டும் இல்ல, அவங்ககிட்ட விமானம் தாங்கிக் கப்பல் நிறைய இருக்கு, அதுல இருந்து ஜெட் ஓட்டுறதுக்குன்னே பெரிய பைலட் படை இருக்கு. 1959ல நாசா முதல் 7 பேர எடுத்தப்ப டெஸ்ட் பைலட்டா, அதாவது புது விமானங்கள ஓட்டிச் சோதிச்சுப் பாக்குறவங்களா இருந்தாதான் எடுப்போம்னுட்டாங்க. டெஸ்ட் பைலட் ஸ்கூல் முக்கியமா ரெண்டு இடத்துல, ஒன்னு கலிஃபோர்னியால எட்வர்ட்ஸ், அது ஏர்ஃபோர்ஸ், இன்னொன்னு மேரிலேண்ட்ல பெட்டக்ஸன்ட் ரிவர், அது நேவி. அதனால அந்த 7 பேர்ல 3 பேர் ஏர்ஃபோர்ஸ், 3 பேர் நேவி, ஜான் க்ளென் மட்டும் மரைன்ஸ். ஆரம்பத்துல இருந்தே சரிபாதிதான்.

கப்பல் மேல ஜெட்ட இறக்குறது எப்படிப்பட்ட வேலைன்னும் பையன்கிட்ட சொல்லுங்க. கீழ ஓடுதளம் ஆடிக்கிட்டே இருக்கும், முன்னாடி நகந்துக்கிட்டும் இருக்கும், விமானத்தோட வால்ல இருக்குற கொக்கி தளத்துல குறுக்க கட்டிருக்குற கேபிள்ல மாட்டணும், மாட்டலைன்னா திரும்பவும் மேல ஏறணும், அதனால சக்கரம் தளத்த தொட்ட உடனே இஞ்சின குறைக்க மாட்டாங்க, முழு வேகத்துக்கு கூட்டுவாங்க. இறங்குற அதே நொடில கிளம்பவும் தயாரா இருக்கணும், ராத்திரி மழைன்னாலும் இதேதான். இத வருஷக்கணக்கா பண்ணவங்களுக்கு, முன்னப்பின்ன யாரும் இறங்காத இடத்துல இறங்குறதுக்கு வேண்டிய கையும் நிதானமும் வந்திருக்கும்ல.

இப்ப யங். 1930 செப்டம்பர் 24 சான் ஃப்ரான்சிஸ்கோவுல பிறந்தார், வளந்தது ஜார்ஜியாவுலயும் ஃப்ளோரிடால ஆர்லாண்டோவுலயும். அப்பா சிவில் இஞ்சினியர். 1952ல ஜார்ஜியா டெக்ல ஏரோநாட்டிகல் இஞ்சினியரிங் முடிச்சு நேவில சேர்ந்தார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். விமானம் ஓட்டணும்னு ஆசைப்பட்ட மனுஷன கொண்டுபோய் லாஸ்னு ஒரு டெஸ்ட்ராயர் கப்பல்ல பீரங்கி குறி பாக்குற பிரிவுக்கு ஆபீசரா போட்டாங்க. கொரியா போர் நடந்துக்கிட்டிருந்த சமயம், கப்பலும் அந்தப் பக்கம்தான் போச்சு. ஒரு வருஷம் அந்த வேலைய ஒழுங்கா பாத்துட்டு 1953லதான் பென்சகோலாவுக்கு பைலட் பயிற்சிக்குப் போறார், அங்கயும் முதல்ல ஹெலிகாப்டர்தான் குடுத்தாங்க, அத முடிச்சுட்டுதான் ஜெட்டு. 1954 கடைசில பைலட் விங்ஸ் வாங்கினார். அப்புறம் 4 வருஷம் ஃபைட்டர் ஸ்குவாட்ரன்ல, விமானம் தாங்கிக் கப்பல்கள்லயே பொழப்பு. 1959ல பெட்டக்ஸன்ட் ரிவர்.

1962ல ஃபேன்டம் விமானத்துல மேல ஏறுற வேகத்துக்கு ரெண்டு உலக சாதனை வெச்சார். தரைல இருந்து 3,000 மீட்டருக்கு 34 செகண்ட் சொச்சத்துல போயிட்டார், 25,000 மீட்டருக்கு நாலு நிமிஷம் கூட ஆகல. அந்த வருஷம் செப்டம்பர்லதான் நாசாவோட ரெண்டாவது செட் 9 பேர்ல ஒருத்தரா எடுத்தாங்க. ஆர்ம்ஸ்ட்ராங், லவல், கான்ராட் எல்லாரும் அதே செட்.

ஆறு தடவ விண்வெளிக்குப் போனார். ஜெமினி 3, ஜெமினி 10, அப்பல்லோ 10, அப்பல்லோ 16, அப்புறம் ஷட்டில்ல ரெண்டு தடவ. ஆறு தடவ போன முதல் மனுஷன் இவர்தான். நிலாவுல நடந்த 12 பேர்ல நேவி பக்கத்துல இருந்து வந்தவங்க 6 பேர்னு நினைக்கிறேன், அதயும் பையன்கிட்ட சொல்லுங்க.

சாயங்கால_ரயில்:

ஜெமினி 3ல சாண்ட்விச் கதைய விட்டுட்டீங்களே ப்ரோ, ஸ்கூல்ல பசங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க. 1965 மார்ச் 23, கஸ் க்ரிசமும் யங்கும், மூணு சுத்து, மொத்தமே அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிஞ்ச பயணம். நடுவுல யங் பாக்கெட்ல இருந்து ஒரு கார்ன்ட் பீஃப் சாண்ட்விச்ச எடுத்து க்ரிசம்கிட்ட நீட்டுறார், யாருக்கும் தெரியாம கொண்டுபோனது, வாங்கிக் குடுத்தது சக வீரர் வாலி ஷிர்ரா. ஒரு கடி கடிச்சதும் ரொட்டித்தூள் கேபின் பூரா மிதக்க ஆரம்பிச்சுருச்சு, உடனே மடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. எடை இல்லாத இடத்துல தூள் போய் ஸ்விட்ச் பேனலுக்குள்ள புகுந்தா ஆபத்து. அமெரிக்க பார்லிமென்ட் கமிட்டி வரைக்கும் இந்த விஷயம் போயி நாசா பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு.

கடல்ல இறங்கும்போது குறி வெச்ச இடத்துல இருந்து 80 கிலோமீட்டருக்கு மேல தள்ளி விழுந்துட்டாங்க, மீட்புக்கு ஆள் வர்ற வரைக்கும் அந்த சின்ன கூண்டு அலைல உருண்டுக்கிட்டே இருந்துச்சு. ஏர்ஃபோர்ஸ்காரரான க்ரிசமுக்கு வாந்தி வந்துருச்சு, டெஸ்ட்ராயர்ல கெடந்த யங் தாக்குப்புடிச்சுட்டார். கப்பல்காரங்களுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்ட தம்பிக்கு இதயும் சொல்லுங்க.

கருங்கல்_ஜக்கம்மா:

நான் ஜியாலஜி படிச்சவ, அப்பல்லோ 16ன்னா எனக்கு உசுரு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி அப்பல்லோ 10 பத்தி. 1969 மே மாசம், ஸ்டாஃபர்டும் செர்னனும் நிலாவுக்கு 15 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் இறங்கிப் பாத்துட்டு வந்தாங்க, அந்த நேரம் பூரா யங் தாய்க்கலத்துல தனியாளா நிலாவ சுத்திக்கிட்டிருந்தார், அப்படி தனியா சுத்தின முதல் ஆள் அவர்தான். அடுத்த பயணத்துல ஆர்ம்ஸ்ட்ராங் இறங்குறதுக்கு பாதை போட்டுக் குடுத்தது இந்த மூணு பேர்தான்.

இப்ப 1972 ஏப்ரல். யங் கமாண்டர், கூட சார்லி ட்யூக், மேல சுத்துறது கென் மாட்டிங்லி. போற இடம் தேகார்த் மேட்டு நிலம். அதுக்கு முன்னாடி போனவங்க பெரும்பாலும் நிலாவோட கருப்புச் சமவெளிப் பக்கம்தான் இறங்குனாங்க, மேட்டு நிலத்துக்கு நடுவுல போய் இறங்குனது இதுதான் முதல் தடவ. ரெண்டு கலமும் பிரிஞ்சு இறங்கத் தயாரானப்ப மாட்டிங்லியோட கலத்துல பெரிய இஞ்சினோட திருப்புற அமைப்புல, அதுவும் மாற்று ஏற்பாட்டுல, ஒரு ஆட்டம் தெரிஞ்சுது. அந்த இஞ்சின் வேலை செய்யலைன்னா வீடு திரும்ப முடியாது. ஹூஸ்டன்ல இருக்குற கட்டுப்பாட்டு மையத்துல கணக்குப் போட்டு சரி பாத்து சொல்ற வரைக்கும் 6 மணி நேரம் சுத்திக்கிட்டே காத்திருந்தாங்க, அவ்வளவு தூரம் வந்துட்டு இறங்காமலே திரும்ப வேண்டி வருமோன்னு. அப்புறம்தான் இறங்குங்கன்னு சொன்னாங்க.

போகும்போது விஞ்ஞானிங்க என்ன நெனச்சாங்கன்னா, அந்த மேட்டு நிலம் எரிமலைக் குழம்பால ஆனதுன்னு. யங்கும் ட்யூக்கும் எரிமலைப் பாறை எடுக்கறதுக்குத்தான் அவ்வளவு களப்பயிற்சி எடுத்துட்டு போனாங்க. இறங்கி முதல் நாளே தேடுறாங்க, எங்கயும் காணோம். கையில கெடைக்குறதெல்லாம் ப்ரெக்சியா, அதாவது விண்கல் வந்து மோதி நொறுங்கி திரும்ப ஒட்டிக்கிட்ட பாறை, நம்ம ஊர்ல பழைய கட்டடம் இடிச்ச ஜல்லியும் சுண்ணாம்புமா ஒட்டிக்கிட்டு ஒரு கட்டி கெடக்கும்ல அந்த மாதிரி. அவங்க அதப் பாத்துட்டு இங்க எரிமலைப் பாறை இல்லைன்னு அங்கிருந்தே நேரா சொன்னாங்க. புத்தகத்துல இருக்குற பதில கண்ணுல திணிச்சுக்காம கண்ணு பாத்தத சொல்றது களத்துல ரொம்ப கஷ்டம், நான் மாணவியா இருந்தப்ப அந்தத் தப்ப நெறைய பண்ணிருக்கேன். நிலாவோட மேட்டு நிலம் மோதலால உருவானதுன்னு நாம இப்ப படிக்கிறதுக்கு இந்தப் பயணம் பெரிய காரணம்.

71 மணி நேரம் நிலாவுல இருந்தாங்க, மூணு தடவ வெளிய போனாங்க, மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல நடையும் வண்டியும். 96 கிலோ கிட்ட கல்லும் மண்ணும் கொண்டு வந்தாங்க. அதுல ஒரு கல்லு மட்டும் 11.7 கிலோ, அப்பல்லோ கொண்டு வந்ததுலயே பெரிய கல்லு, பேரு பிக் மியூலி, ஜியாலஜி டீம் தலைவர் மியூல்பெர்கர் பேர்ல வெச்சது.

ஒரு தப்பும் நடந்துச்சு. நிலாவுக்குள்ள இருந்து எவ்வளவு சூடு வெளிய வருதுன்னு அளக்க ட்யூக் துளை போட்டு கருவி பதிச்சுக்கிட்டிருந்தார், அந்த கருவியோட கேபிள்ல யங்கோட கால் மாட்டி இழுத்து அறுந்துருச்சு. அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு குனிஞ்சா தன் கால் தனக்கே தெரியாது. ஒரு விஞ்ஞானியோட பல வருஷ உழைப்பு அது. யங் மழுப்பல, நடந்தத அப்பவே ரேடியோல சொல்லி வருத்தப்பட்டார்.

இன்னொன்னு, இதக் கண்டிப்பா பேச்சுல சேக்கச் சொல்லுங்க. கொடி பக்கத்துல சல்யூட் அடிச்சுக்கிட்டே அந்த கனமான உடுப்போட துள்ளி குதிச்சு நிக்கிற போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அது யங்தான். கிட்டத்தட்ட அந்த நேரத்துலதான் கீழ இருந்து ஒரு செய்தி சொல்றாங்க, ஸ்பேஸ் ஷட்டிலுக்கு பணம் ஒதுக்குற பட்ஜெட் சபைல பாஸாயிருச்சுன்னு. நாட்டுக்கு அந்த ஷட்டில் ரொம்ப அவசியம்னு நிலாவுல நின்னுக்கிட்டு யங் பதில் சொல்றார். 9 வருஷம் கழிச்சு அந்த வண்டிய முதல்ல எடுத்துட்டுப் போனதும் அவரேதான்.

வைகைக்கரை_மாமா:

ஜக்கம்மா அக்கா, கடற்காகம் சார், ரயில் தம்பி, ரொம்ப ரொம்ப நன்றி. பையன் பக்கத்துலயே உக்காந்து படிச்சான், கேபிள் அறுந்த இடத்த ரெண்டு தடவ படிக்கச் சொன்னான். முதல் ஷட்டில் பத்தியும் யாராச்சும் சொல்லுங்க. அப்புறம் அவன் இன்னொன்னும் கேக்குறான், இவ்வளவு பண்ணவர் அப்புறம் எப்ப ரிட்டயர் ஆனார், ஏன் ஏழாவது தடவ போகல?

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

நான் கெமிக்கல் ப்ளான்ட்ல சேஃப்டி வேலை பாக்குறவன், 19 வருஷம் ஆச்சு. அதனால யங்னா எனக்கு நிலா ஞாபகத்துக்கு வராது, முதல் ஷட்டிலான கொலம்பியாவும் அதுக்குப் பின்னாடி அவர் எழுதின மெமோக்களும்தான் வரும்.

1976ல நேவில கேப்டனா ஓய்வு வாங்கிட்டார், ஆனா நாசாவ விடல. 1974ல இருந்தே விண்வெளி வீரர்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். முதல் ஷட்டில் 1981 ஏப்ரல் 12, சரியா விண்வெளிக்கு முதல் மனுஷனா ககாரின் போன 20ஆவது வருஷ நாள், ஆனா திட்டம் போட்டு அந்த நாள் வைக்கல, 10ஆம் தேதியே போக வேண்டியது, கம்ப்யூட்டர் ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகாம ரெண்டு நாள் தள்ளிருச்சு. அதுவரைக்கும் எந்தப் புது வண்டியா இருந்தாலும் முதல்ல ஆள் இல்லாம அனுப்பிப் பாத்துட்டுதான் ஆள ஏத்துவாங்க. ஷட்டில அப்படி அனுப்பல, முதல் தடவையே யங்கும் பாப் க்ரிப்பனும் உள்ள. க்ரிப்பனும் நேவிக்காரர்தான், அவருக்கு இது முதல் பயணம். கிளம்புறப்ப க்ரிப்பனோட நாடித்துடிப்பு 130, அம்பது வயசு யங்குக்கு 90 பக்கம்.

உண்மைல பயப்பட நெறைய இருந்துச்சு. சூடு தாங்குற டைல்ஸ் 30,000க்கு மேல ஒட்டிருந்தாங்க, போயிட்டு வந்ததுல 16 டைல்ஸ் விழுந்துருச்சு, 148 சேதம். கிளம்பும்போது ராக்கெட்டோட அழுத்த அலை தரைல பட்டு திரும்பி வந்து பின்பக்கம் இருக்குற பெரிய மடிப்புப் பலகைய அது தாங்க வேண்டிய அளவுக்கு மேல தள்ளிருச்சு, அது மேல போனவங்களுக்கு அப்ப தெரியாது. அடுத்த தடவைக்குள்ள ஏவுதளத்துல தண்ணி பீச்சுற ஏற்பாட்டையே மாத்தினாங்க. 54 மணி நேரம் சுத்திட்டு இஞ்சின் இல்லாம க்ளைடர் மாதிரி எட்வர்ட்ஸ்ல காஞ்ச ஏரிப்படுகைல வந்து இறங்குனார், ஒரே வாய்ப்பு, திரும்ப மேல ஏறி சுத்தி வர முடியாது. அமெரிக்கா ஆள் வெச்சு அனுப்பின கலம் கடல்ல விழாம தரைல இறங்குனதும் அதுதான் முதல் தடவ. இறங்குன உடனே யங் படி வழியா ஓடி வந்து வண்டிக்கு அடில போய் சுத்திச் சுத்தி டைல்ஸ பாக்குற வீடியோ இருக்கு, பையனுக்குப் போட்டுக் காட்டுங்க, அம்பது வயசு ஆளு சின்னப் பையன் மாதிரி கைய வீசி குதிக்கிறார். எனக்கு அதப் பாத்தா ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்த லாரிய விடிஞ்சதும் சக்கரம் சக்கரமா தட்டிப் பாக்குற டிரைவர் அண்ணன்தான் ஞாபகம் வரும்.

1983 கடைசில ஆறாவது பயணம், ஸ்பேஸ்லேப்ங்குற ஆய்வுக்கூடத்தோட, 6 பேரு, 10 நாள். இறங்கப்போற நாள் ரெண்டு கம்ப்யூட்டர் ஒன்னு பின்னாடி ஒன்னா நின்னு போச்சு, மணிக்கணக்கா தள்ளிப்போட்டு இறங்குனாங்க. இறங்குற சமயத்துல பின்னாடி ஹைட்ரஜீன்ங்குற ஆபத்தான எரிபொருள் கசிஞ்சு மூணு பவர் யூனிட்ல ரெண்டுல தீ. உள்ள இருந்தவங்களுக்கு அதுவும் தெரியல, அப்புறம் பிரிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. ஹைட்ரஜீன் என்னன்னு எனக்குத் தெரியும், அத நெனச்சா இப்பவும் உள்ளங்கை வேத்துரும்.

இப்ப பையனோட கேள்விக்கு வர்றேன். ஏழாவது தடவைக்கும் அவர் பேரு போட்டிருந்தாங்க, ஹப்பிள் தொலைநோக்கிய கொண்டுபோற பயணம். 1986 ஜனவரில சேலஞ்சர் ஷட்டில் வெடிச்சு 7 பேர் போயிட்டாங்க, எல்லாம் நின்னு போச்சு. பூஸ்டர் ராக்கெட்டோட ரப்பர் வளையம் முந்தின பயணங்கள்லயே கருகியிருந்துச்சு, ஆனா வீரர்கள் பிரிவுக்கு அந்த விஷயம் சொல்லப்படவே இல்ல. தலைவரா இருந்த யங்குக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அந்த 7 பேர்ல பெரும்பாலானவங்க அவர் ஆளுங்க. அதுக்கப்புறம் மெமோ மெமோவா எழுதினார், இது சரியில்ல, அது சரியில்ல, தேதிக்கு அவசரப்பட்டு பாதுகாப்ப பின்னாடி தள்ளுறீங்கன்னு. அதுல ஒன்னு பத்திரிகைக்கும் வெளிய போயிருச்சு. 1987ல தலைவர் பதவில இருந்து எடுத்து, விண்வெளி மையத்தோட டைரக்டருக்கு இஞ்சினியரிங், பாதுகாப்பு விஷயத்துல சிறப்பு உதவியாளரா மாத்தினாங்க. வாயத் தெறந்ததுக்கு கெடச்ச பலன்னுதான் அப்ப பலரும் பாத்தாங்க.

நான் மதிக்கிறது அதுக்கப்புறம் அவர் பண்ணதத்தான். கோவிச்சுக்கிட்டு கெளம்பல. புது மேஜைல உக்காந்து இன்னும் 17 வருஷம் அதே மாதிரி எழுதிக்கிட்டே இருந்தார், கூட்டத்துல கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தார். 2004 டிசம்பர் 31 வரைக்கும், நாசால மொத்தம் 42 வருஷம். திரும்ப விண்வெளிக்கு போகவே இல்ல. நான் ஒரு தடவ ஒரு வால்வு கசியுதுன்னு மூணு ரிப்போர்ட் எழுதியும் யாரும் கண்டுக்காம, நாலாவது எழுதவா வேண்டாமான்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன், அப்ப எனக்கு ஞாபகம் வந்தது யங்தான். எழுதினேன், மாத்தினாங்க.

அவர் பேரு ஏன் தெரியலன்னு கேட்டீங்களே மாமா, அவர் மேடைல பேசுற ஆள் இல்ல, மெதுவா இழுத்து இழுத்து தெற்கத்தி பேச்சுல ரெண்டு வார்த்த சொல்லிட்டு மிஷின் பக்கம் போயிடுவார். 2018 ஜனவரி 5 இறந்தார், 87 வயசு.

கருங்கல்_ஜக்கம்மா:

ஷிஃப்ட் சார், கும்பிடுறேன், இவ்வளவு நாள் நிலாவுக்கு அப்புறம் அவர் என்ன பண்ணார்னு நான் கவனிக்கவே இல்ல. நாலாவது ரிப்போர்ட் எழுதினீங்களே, அது பெரிய விஷயம்.

பூஜ்யம்_ஒன்னு:

பையன் தப்பா சொல்லிடக்கூடாதுன்னு சொன்னீங்க, அதனால ஒரு திருத்தம். நிலாவுல நடந்த 12 பேர்ல நேவி வழியா வந்தவங்க 6 இல்ல, 7. கான்ராட், பீன், ஷெப்பர்ட், மிட்செல், யங், செர்னன், இவங்க 6 பேரும் போறப்பவே நேவி ஆபீசர்கள். ஆர்ம்ஸ்ட்ராங் நேவி பைலட்டா கொரியால பறந்தவர், நாசாவுக்கு வர்றப்ப சிவிலியன், அதனால அவர நிறைய பேர் கணக்குல விட்டுடுவாங்க. முதல்ல கால் வெச்ச ஆர்ம்ஸ்ட்ராங்கும் கடைசியா கிளம்பின செர்னனும் ரெண்டு பேருமே விமானம் தாங்கிக் கப்பல்ல இறங்கிப் பழகினவங்க.

கடற்காகம்:

சரியா சொன்னீங்க, நான் ஆர்ம்ஸ்ட்ராங்க சேக்காம எண்ணிட்டேன். மாமா சார் 7னே எழுதிக்கச் சொல்லுங்க.

வைகைக்கரை_மாமா:

எழுதிட்டான். நேத்து ராத்திரி பேச்ச ரெடி பண்ணிட்டு என்கிட்ட பேசிக் காட்டினான். சாண்ட்விச்சுல ஆரம்பிச்சான், நிலாவுல ஷட்டில் செய்தி கேட்டத நடுவுல வெச்சான், அதுக்குள்ளயே ஏழு நிமிஷம் ஆயிருச்சு, எதையாவது வெட்டுடான்னா சாதனைக் கணக்க வெட்டிட்டான், 34 செகண்ட் போச்சு. கேபிள் அறுந்தது வேணுமாம், மெமோ எழுதினதும் வேணுமாம். ஷிஃப்ட் சார், உங்க வால்வு கதைய பேர் சொல்லாம சேத்துக்கலாமான்னு கேக்குறான், வியாழக்கிழமை பேச்சு, அதுக்குள்ள சொல்லுங்க.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:

தாராளமா சேத்துக்கச் சொல்லுங்க மாமா. மூணு ரிப்போர்ட்டுக்கு அப்புறம் நாலாவதுன்னு எண்ணிக்கை மட்டும் சரியா சொல்லட்டும்.